குழாய் விட்டாங்களா, எப்ப? பதற்ற மாத்திரைகள் மூளையில் செய்யும் வேலை தெரியுமா?

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு வந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்! வாய் வழியாகக் குழாயை விட்டு, இரைப்பை முழுக்கச் சுற்றிப் பார்த்து, வெளியே எடுத்தும் ஆயிற்று. பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க? விடிஞ்சதுலேருந்து வெறும் வயித்தோட கெடக்கேன்" என்பார். "எல்லாம் முடிஞ்சிருச்சுங்க, எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மனைவி சொன்னால் நம்ப மாட்டார். "என்னடி சொல்ற, குழாய் விட்டாங்களா? எப்ப?"

இதில் ஆச்சரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த நேரத்தில் அவர் ஆழ்ந்து தூங்கவில்லை! "இடது பக்கமாத் திரும்பிப் படுங்கய்யா" என்றதும் திரும்பிப் படுத்தார். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றதும் இழுத்து விட்டார். ஊசி ஏறிய பிறகு, குழாய் உள்ளே போகும் முன், நர்ஸம்மாவிடம் பாளையம்பட்டியில் மழை இல்லாத கதையைக்கூடச் சொல்லியிருப்பார். கேட்டார், புரிந்துகொண்டார், பதில் சொன்னார். மூளை மட்டும் அதில் எதையும் ஏட்டில் ஏற்றவில்லை!

கை நரம்பில் ஏறிய அந்த மருந்தின் பெயர் மிடஸோலம். டயஸெபாம், லோரஸெபாம், அல்பிரஸோலம், குளோனஸெபாம் எல்லாம் இதன் அண்ணன் தம்பிகள்தான். மொத்தக் குடும்பத்துக்கும் பென்சோடயஸெபைன் என்று பெயர். மெடிக்கல் ஷாப்பில் 'டென்ஷன் மாத்திரை', 'தூக்க மாத்திரை' என்று மெல்லிய குரலில் கேட்கிறார்களே, அதேதான்.

இந்த மருந்து பழைய ஞாபகத்தை அழிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுதான் கிடையாது! மாத்திரை போடும் முன் நடந்தது அத்தனையும் பத்திரமாக இருக்கும். கல்யாண நாள், சீட்டுப் பணம் கட்டவேண்டிய தேதி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கடன், எதுவும் போகாது. மாத்திரை ஏறிய பிறகு நடப்பதுதான் பதியாது. இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. 1980களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சிலரை ஒரு சொல் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து, அதற்குப் பிறகு டயஸெபாம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களைவிட டயஸெபாம் போட்டவர்கள் அந்தப் பழைய பட்டியலை நன்றாக ஒப்பித்தார்கள்! காரணம் எளிது. மருந்து ஏறிய பிறகு புதிதாக எதுவும் மனதில் ஏறவில்லை. அதனால் பழையதை நெருக்கித் தள்ளவும் ஆளில்லை. இதைக் கேட்டுவிட்டுப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாத்திரை தேட வேண்டாம் தம்பி; மறுநாள் காலையில் கேள்வித்தாளே மனதில் நிற்காது.

எப்படி நடக்கிறது இது? மூளையில் 'கிளம்பு' என்று சொல்லும் ரசாயனங்கள் உண்டு, 'பொறு' என்று சொல்லும் ரசாயனங்களும் உண்டு. 'பொறு' சொல்வதில் முக்கியமானது காபா. 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் அதை மூளையில் கண்டார். காபா வேலை செய்கிற விதத்தைத் திருச்சுழிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம்: நரம்பணுவின் சுவரில் கண்மாய்க்கு இருப்பதுபோல மடைகள் இருக்கின்றன. மடையைத் திறக்கும் நீர்ப்பாய்ச்சி காபா. அவர் திறந்தால் குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், துடித்துக்கொண்டிருந்த நரம்பணு அடங்கும். பென்சோடயஸெபைன் தானாக மடையைத் திறக்காது. நீர்ப்பாய்ச்சி இருக்கும்போது மடை அடிக்கடி திறக்கும்படி செய்யும், அவ்வளவுதான். இதற்கு முன்னால் புழங்கிய பார்பிட்டுரேட் தூக்க மருந்துகள் இருக்கின்றனவே, அவை திறந்த மடையை நெடுநேரம் மூடவிடாது. அளவு மிஞ்சினால் நீர்ப்பாய்ச்சியே இல்லாமலும் மடை திறந்துகொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்துத் தூக்க மாத்திரையில் அத்தனை சாவு. இப்போதைய மாத்திரை தனியாகப் போனால் அவ்வளவு கொடூரமில்லை. ஆனால் சாராயமும் அதே மடையில்தான் கை வைக்கிறது! இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

இந்த மாத்திரை பிறந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர், ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி 1941இல் அமெரிக்கா போனவர். ரோச் கம்பெனியின் நியூஜெர்சி ஆய்வகத்தில் வேலை. ஒரு வகைச் சேர்மங்களை வரிசையாகச் செய்து பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. மேலிடம் நிறுத்தச் சொல்லிவிட்டது. 1957இல் மேசையைச் சுத்தம் செய்யும்போது, சோதிக்காமல் விட்ட ஒரு பொடி கிடைத்தது. தூக்கிப் போடுவதற்குப் பதில் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960இல் லிப்ரியமாகக் கடைக்கு வந்தது! 1963இல் வந்த தம்பி வேலியம், அதாவது டயஸெபாம், அமெரிக்காவிலேயே அதிகம் எழுதப்பட்ட மருந்தாக ஆண்டுக்கணக்கில் இருந்தது. மருந்துகளைத் தானே விழுங்கிப் பார்க்கும் பழக்கம் ஸ்டெர்ன்பாக்குக்கு இருந்தது. அப்படியும் 97 வயது வரை வாழ்ந்தார் மனிதர்.

இன்னொரு பெரிய ஆச்சரியம்: மருந்து விற்பனைக்கு வந்து பல கோடிப் பேர் விழுங்கிய பிறகுதான், அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்றே தெரிந்தது! 1977இல் டென்மார்க்கில் ஒரு குழுவும் ஸ்விட்சர்லாந்தின் பாஸெலில் ஒரு குழுவும் கண்டுபிடித்தன. அப்புறம் தெரிந்தது, மடைகளிலும் ரகங்கள் உண்டென்று. ஸூரிக்கில் 1999இல் ஒரு சோதனை. எலிகளுக்கு ஆல்ஃபா-1 என்ற ரகத்தில் ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். அந்த எலிகளுக்கு டயஸெபாம் கொடுத்தால் தூங்கி வழியவில்லை, மறதியும் வரவில்லை. ஆனால் பயம் மட்டும் குறைந்தது! அடுத்த ஆண்டு ஆல்ஃபா-2 ரகத்தை மாற்றிப் பார்த்தார்கள். இப்போது பயம் குறையவே இல்லை. ஆக, பதற்றத்தைத் தணிப்பது ஒரு மடை, மறக்கடிப்பது இன்னொரு மடை! ஒன்றை மட்டும் தொடுகிற மாத்திரையைச் செய்ய முடியுமா என்று அன்றிலிருந்து ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாபகத்தின் தலைமையகம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, கடல் குதிரை வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. 1953இல் அமெரிக்காவில் ஒரு இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு 2008இல் இறக்கும் வரை, நடந்த எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொல்லிப் பழக்கினால், கை நாளுக்கு நாள் தேறியது! "இதை இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லையே" என்பார், கை மட்டும் அருமையாக வரையும். பென்சோ மாத்திரையும் அதையேதான் சில மணி நேரத்துக்குச் செய்கிறது. மாத்திரை ஏறிய அக்காவைப் பூக்கட்ட உட்காரவைத்தால் விரல் தன்பாட்டில் மல்லிகையைக் கட்டும். கட்டும்போது யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று மறுநாள் கேளுங்கள், விழிப்பார்.

ஞாபகத்துக்கு முந்தின படி கவனம். அங்கேயும் இந்த மருந்து கை வைக்கிறது! மருத்துவர்கள் இதை அளக்க ஒரு சின்னப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி. மேலே அட்டவணை இருக்கும், கீழே வெறும் எண்கள். ஒன்றரை நிமிடத்தில் எத்தனை எண்ணுக்குக் குறி போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. சாதாரணமாகச் சரசரவென்று போடுகிறவர், மாத்திரை ஏறியதும் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், மறுபடி மேலே பார்ப்பார். எண்ணிக்கை சடசடவென்று விழும். எனக்குத் திகிலூட்டுவது அதுவல்ல. "எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டால் "நல்லாத்தான் போட்டேன்" என்பார்! தன் கவனம் மழுங்கியதை அளக்க வேண்டிய கருவியும் அதே மூளைதானே. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள் பல தறிகளை மேய்க்க வேண்டும். காதைப் பிளக்கும் சத்தத்தில் எந்தத் தறியில் பாவு இழை அறுந்தது, எதில் தார் தீர்ந்தது என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தின ராத்திரி போட்ட மாத்திரை பகல் ஷிஃப்ட் வரை உடம்பில் தங்கியிருந்தால்? தங்கும்!

எவ்வளவு நேரம் தங்கும் தெரியுமா? டயஸெபாமுக்கு ஒரு நாட்டுக் கணக்கே உண்டு: ஏறக்குறைய உங்கள் வயது எத்தனையோ அத்தனை மணி நேரம் ஆகும், உடம்பில் அது பாதியாகக் குறைய! 1975இல் வந்த ஆய்வு, 20 வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி என்றும் 80 வயதில் சுமார் 90 மணி என்றும் சொன்னது. அதாவது அப்பத்தாவுக்குத் திங்கட்கிழமை ராத்திரி கொடுத்த மாத்திரையில் பாதி, வெள்ளிக்கிழமை மத்தியானத்திலும் உள்ளே இருக்கும். அதற்குள் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகளும் சேர்ந்துவிட்டனவே! "அப்பத்தாவுக்கு மூளை கலங்கிருச்சு, சொன்னதையே சொல்லுது, ராத்திரி எந்திரிச்சு விழுகுது" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், விவரமான டாக்டர் முதலில் கேட்பது "என்னென்ன மாத்திரை போடுறாங்க?" என்பதுதான். சிலருக்கு மருத்துவர் சொல்படி மாத்திரையைக் குறைத்ததுமே கலக்கம் தெளிந்துவிடுகிறது.

சரி, கரிசல் காட்டுக்கு வருவோம். வேலியோரம் சீமைக் கருவேலத்துக்குக் கீழே, நீண்ட வெள்ளைப் பூவும் முள்ளு உருண்டைக் காயுமாக நிற்கிறதே ஊமத்தை, அதுவும் ஒரு மறதி மருந்துதான். வழி மட்டும் வேறு! ஊமத்தையில் உள்ள ஸ்கோபாலமினும் அட்ரோபினும் காபா பக்கமே போகாது. ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஊமத்தை உள்ளே போனவர் என்ன செய்வார் என்று நம் நாட்டு நஞ்சியல் பாடப் புத்தகங்கள் விவரிக்கின்றன: வாய் உலரும், கண்பாவை விரியும், பிதற்றுவார், அப்புறம் விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருப்பார்! நெசவூரில் இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? தெளிந்த பிறகு கேட்டால் நூலும் தெரியாது, பிதற்றலும் தெரியாது.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மிளகாய் வத்தல் விதையையும் ஊமத்தை விதையையும் எப்படிப் பிரித்தறிவாய்? ரயிலிலும் சத்திரத்திலும் வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதையைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த காலம் ஒன்று இருந்தது. வத்தல் விதை என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். பதில் இதோ: வத்தல் விதை வெளிறிய மஞ்சள், சின்னது, காரம். ஊமத்தை விதை பழுப்பு, சற்றுப் பெரியது, சிறுநீரக வடிவம், கசப்பு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வத்தலின் முளைக்கரு 6 போல உள்ளே சுருண்டிருக்கும், ஊமத்தையினுடையது வெளிப்பக்கம் வளைந்திருக்கும். வத்தல் வண்டிகள் விருதுநகர் சந்தைக்குப் போகிற இந்தச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை! இரண்டும் ஏன் இத்தனை ஒத்திருக்கின்றன என்றால், இரண்டும் ஒரே குடும்பம். கத்தரி, தக்காளி, உருளை, புகையிலை எல்லாம் அதே சொந்தம்.

ஊமத்தையின் ஸ்கோபாலமினை வைத்துப் பிரசவம் பார்த்த கதை தெரியுமா? ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1900களின் தொடக்கத்தில் கார்ல் காவுஸ், க்ரோனிக் என்ற இரு மருத்துவர்கள், பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்கு மார்ஃபினோடு ஸ்கோபாலமினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 'வலியே தெரியவில்லை' என்று பெண்கள் பாராட்டினார்கள். கடல் கடந்து அமெரிக்கா வரை புகழ் பரவியது. உண்மையில் அந்த அறைக்குள் என்ன நடந்தது? பெண்கள் வலியில் கத்தினார்கள், உருண்டார்கள், சிலரைக் கட்டியே வைக்கவேண்டி வந்தது! வலி தெரிந்தது, ஞாபகம்தான் இல்லை. வலித்தும் நினைவில் நிற்காத வலியை வலி என்று கணக்கில் சேர்ப்பதா, இல்லையா? எண்டோஸ்கோப்பி அறையில் குமட்டிக் கண் கலங்கிய நம் பெரியவருக்கும் அதே கேள்விதான்.

பருத்திக் காட்டில் மருந்தடிக்கிறவர்கள் விஷயத்தில் இந்த இரண்டு குடும்ப மருந்துகளும் கைகோக்கின்றன! முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று பூச்சிமருந்து தெளித்தவர் மயங்கி விழுந்து ஜி.ஹெச்.சுக்கு வருகிறார். கண்பாவை குண்டூசி முனை அளவு சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும். அசிட்டைல்கோலின் எக்கச்சக்கமாகத் தேங்கியதன் அடையாளம். மருந்து அட்ரோபின், ஊமத்தையில் இருக்கும் அதே அட்ரோபின்! வலிப்பு வந்தால் கூடவே டயஸெபாம். அட்ரோபின் அளவு கூடினால் அவரும் பிதற்றுவார். அப்போது டாக்டர் அளவைக் குறைப்பார்.

அந்தக் கத்தரிக் குடும்பத்தில் இன்னொரு வறண்ட காட்டுச் செடி அமுக்கரா. சித்த வைத்தியத்தில் அமுக்கராச் சூரணம் பாலோடு கொடுப்பார்கள், தூக்கம் வர. தாவரவியல் பெயரின் பின்பாதியான சோம்னிஃபெரா என்பதற்கும் தூக்கம் தருவது என்றுதான் பொருள். 2017இல் ஜப்பானின் ட்ஸுகுபா பல்கலைக்கழகம் எலிகளைத் தூங்கவைத்த பொருளைக் கண்டுபிடித்தது. எதில்? நாம் நம்பும் கிழங்கில் இல்லை, இலையில்! நம் ஆயுஷ் அமைச்சகமோ 2021இல் இலையைப் பயன்படுத்த வேண்டாம், கிழங்கையே பயன்படுத்துங்கள் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை சொன்னது. டென்மார்க் 2023இல் அமுக்கராவையே தடை செய்துவிட்டது. மூன்று ஊரில் மூன்று நியாயம்.

உருளைக்கிழங்கை விட்டுவிட்டேனே! ஸ்டெர்ன்பாக் பென்சோவைச் செய்தது 1950களில். ஆனால் 1940இலிருந்து பதப்படுத்தி வைத்திருந்த மனித மூளைகளில் பென்சோ போன்ற பொருள் இருப்பதை, சங்கமேஸ்வரன், டி பிளாஸ் ஆகியோரின் குழு 1986இல் அறிவித்தது. மருந்து பிறக்கும் முன்பே அது மூளைக்குள் இருந்திருக்கிறது! எப்படி? சில ஆண்டுகளில் கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் டயஸெபாமும் அதன் உறவுகளும் மிக மிகச் சொற்பமாக இருப்பது தெரியவந்தது. பூரிக்கிழங்கு தின்றதும் தூக்கம் வருவதற்கு இதுதான் காரணம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த அளவு ஒரு கொசுவைக்கூடத் தூங்கவைக்காது. அந்தத் தூக்கம் எண்ணெயின் வேலை.

மல்லிகைக்கும் இதுபோல ஒரு புரளி. 'மல்லிகை வாசம் வேலியத்துக்குச் சமம்' என்று 2010இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. அருப்புக்கோட்டைப் பூக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகம் சோதித்தது வாசனைத் திரவியத் தொழிற்சாலைச் சேர்மம் ஒன்றை. அது காபாவின் வேலையைப் பல மடங்கு கூட்டியது உண்மை. அதன் மணம் கார்டீனியாப் பூவின் மணம். கார்டீனியாவின் தாவரப் பெயரில் 'ஜாஸ்மினாய்டிஸ்' என்று வருவதால் பத்திரிகைகள் மல்லிகையாக்கிவிட்டன! அந்தப் பூ காப்பிச் செடியின் குடும்பம். மல்லிகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சிலம்பு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள்: முன்பின் தெரியாதவர் தரும் தின்பண்டம் எதையும் வாங்காதீர்கள். ஊமத்தை போன இடத்தில் லோரஸெபாம் வந்துவிட்டது! பிஸ்கட்டிலும் டீயிலும் கலந்து கொடுத்து நகையைக் கழற்றுகிற கும்பல்களை வட இந்தியாவில் அந்த மாத்திரையின் வணிகப் பெயராலேயே 'அடிவான் கேங்' என்கிறார்கள். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் பஸ் பயணிகளுக்கு இப்படி நடந்ததை மருத்துவர்கள் ஆய்வு செய்தபோது, சிறுநீரில் சிக்கியது லோரஸெபாம்தான். திருடர்களுக்கு இதில் இரட்டை லாபம்: ஆளும் மயங்குவார், டீ கொடுத்தவர் முகமும் பதியாது. போலீஸ் அடையாள அணிவகுப்பு வைத்து என்ன பயன்?

இதற்காகத்தான் சட்டம் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் அல்பிரஸோலம், டயஸெபாம் போன்றவை 'எச்1' அட்டவணையில். அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். விற்கிறவர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர், எழுதிய டாக்டர் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "சீட்டு இருக்கா அண்ணாச்சி?" என்று கடைக்காரத் தம்பி கேட்டால் கோபப்படாதீர்கள். "தெனம் வாங்குற மாத்திரைதானப்பா" என்பதுதான் அவருக்குக் கவலை தரும் பதிலே!

ஏனென்றால், தினம் போட்டுப் பழகிய மூளை மடைகளைத் திருத்திக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்புகூட வரும். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரஸோலத்தையும் டயஸெபாமையும் கலக்கும் பழக்கம் உண்டு. குடிப்பவர்களுக்கோ கள் என்று நினைப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கள்ளுக்கடை மூடியதும், ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் நடுங்கிக்கொண்டும் பிதற்றிக்கொண்டும் கூட்டம் கூடியது! பதநீரும் நுங்குமாக நிற்கிற நம் பனங்காட்டில் 1987இலிருந்து கள் இறக்கத் தடை. அந்த வம்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாத்திரை இல்லாமலே வரும் தூக்கம் என்றால், திருச்சுழியில் ஒரு பையனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1879 டிசம்பர் 30 அன்று வக்கீல் சுந்தரம் ஐயர் வீட்டில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. அவருடைய பிள்ளைப் பருவத் தூக்கம் அவரது வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெற்ற அளவுக்குப் பிரசித்தம்! பகலில் அவரிடம் வம்பு வைத்துக்கொள்ளப் பயந்த பையன்கள், ராத்திரி தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசைதீர அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போடுவார்களாம். காலையில் அவர்களே சொன்னால்தான் இவருக்குத் தெரியும். திண்டுக்கல்லில் உள்ளே தாழிட்டுத் தூங்கியவரை, கதவை இடித்தும் எழுப்ப முடியவில்லையாம். அதே பையன் பாடத்தை ஒருமுறை கேட்டாலே ஒப்பித்துவிடுவாராம்! ஆழ்ந்த தூக்கத்தில்தான் பகல் ஞாபகங்கள் ஹிப்போகாம்பஸிலிருந்து மூளையின் மேலடுக்குக்கு இடம்மாறிக் குடியேறுகின்றன என்கிறது இன்றைய அறிவியல். பென்சோ மாத்திரை தூங்கும் நேரத்தைக் கூட்டும். ஆனால் அந்த ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகளைக் குறைத்துவிடும்! எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீராததன் ரகசியம் அங்கே இருக்கிறது.

தூக்க மாத்திரை தூக்கத்திலிருந்து எழுப்பினால்? நடந்திருக்கிறது! தென்னாப்பிரிக்காவில் லாரி மோதி ஆண்டுக்கணக்கில் உணர்வற்றுக் கிடந்த இளைஞருக்கு, 1999இல் உடம்பு உதறலைத் தணிக்க ஸோல்பிடெம் கொடுத்தார்கள். அது பென்சோ இல்லை, ஆனால் ஒட்டுவது அதே மடையில், அதுவும் ஆல்ஃபா-1 ரகத்தில். அரை மணி நேரத்துக்குள் அவர் அம்மாவிடம் பேசினார்! மாத்திரையின் வீரியம் தீர்ந்ததும் பழையபடி. பிற்பாடு உலகெங்கும் முயன்றதில் மிகச் சிலருக்கே பலித்தது. அந்தச் சிலருக்கு ஏன் பலிக்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கடைசியாக மீன்! நாம் விழுங்கும் மாத்திரை சிறுநீர் வழியாகச் சாக்கடைக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குப் போகிறது. ஸ்வீடனில் ஆற்றுநீரில் கலந்த ஆக்ஸஸெபாமின் அளவுக்கே மருந்தூட்டிப் பெர்ச் மீன்களைச் சோதித்தார்கள். 2013இல் முடிவு வந்தது: மீன்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது! கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிந்தன, புது இடத்துக்குத் துணிந்து போயின, இரையை வேகமாகத் தின்றன. 2025இல் சால்மன் மீன்களில் குளோபஸாம் வைத்துப் பார்த்தால், மருந்து ஏறிய குஞ்சுகள் அணைகளைச் சீக்கிரம் தாண்டின, கூடுதலான எண்ணிக்கையில் கடலையும் சேர்ந்தன. கடலில் பெரிய மீன் துரத்தும்போது அந்தத் துணிச்சல் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி. திருச்சுழி குண்டாற்றிலும் இதைச் சோதிக்கலாம்தான், முதலில் ஆற்றில் தண்ணீர் வரட்டும்!